போகிறவளும் வருகிறவரும்

மகள் வர்ஷினி வீட்டைவிட்டுப் போன மறுவருஷம் அந்த ஓவியம் வந்தது. லிங்கசாமியிடம் வருஷா வருஷம் பனியன் ஆர்டர் கொடுக்கும் ஜெர்மன்காரர் ஒருவர், திருப்பூர் வந்தபோது மரப்பெட்டியில் காகிதம் திணித்துக் கொண்டுவந்து பரிசாகக் கொடுத்தார். அவருடைய ஊரில் ஏதோ பழைய சாமான் சந்தையில் கிடைத்ததாம். வரைந்தது யார் என்று அவருக்கும் தெரியாதாம்.

பெட்டியைப் பிரித்ததும் அவர் மனைவி சுப்புலட்சுமி முகத்தைச் சுளித்தாள். ஜன்னல் அகலத்துக்கு ஒரு படம்; அதில் முக்கால்வாசி இருட்டு. கரும்பச்சையில் நெருக்கியடித்து நிற்கும் மரங்கள். நடுவே, மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஈரமாக ஒரு மண்பாதை. உள்ளே போகப் போக அது இடப்பக்கம் வளைந்து மறைந்தது. வளைவுக்கு மேலே அணையப்போகிற வெளிச்சம்போல மங்கலாக ஒரு மஞ்சள். பாதையின்மேல் சாம்பல் நிறத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தீற்றல்.

"ஏனுங்க, இதைப் போயி ஊட்டுக்குள்ள மாட்டறதுங்களா? பார்த்தாலே பயமா இருக்குது."

"அந்த மனுசன் அடுத்த சீசனுக்கு வந்தா மொதல்ல செவுத்தத்தான் பார்ப்பான்" என்றார் லிங்கசாமி. "நாலு மரந்தானே இருக்குது. மாட்டி வெய்யி."

முன்னறையில் மாட்டினார்கள். வீடு மங்கலம் ரோட்டில், கம்பெனிக்குப் பின்னாலேயே இருந்தது. பகலெல்லாம் நிட்டிங் மெஷின்களின் இரைச்சல் சுவர் வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் கொஞ்சம் ஓயும். அப்படி ஓய்ந்த ஒரு நேரத்தில்தான் சுப்புலட்சுமி படத்தில் அந்த உருவத்தை முதல்முறை பார்த்தாள்.

அன்றைக்குப் பல்லடத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரி ஒன்றும் அறியாதவள் போல, "பொண்ணு வரலீங்களா?" என்று கேட்டாள். கேட்டவளுக்கு எல்லாம் தெரியும். ஊருக்கே தெரியும். வர்ஷினி, கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த முனீஸ் என்கிற விருதுநகர்ப் பக்கத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவள் போன அன்றைக்கு லிங்கசாமி சத்தம் போடவில்லை, ஆள் அனுப்பவில்லை. "இனி இந்த ஊட்டுல அவ பேரு வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார். பேர் வரவில்லை. மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடச் சுப்புலட்சுமிக்குத் தெரியாது.

பட்டுச்சேலையை மாற்றக்கூடத் தோன்றாமல் சோபாவில் உட்கார்ந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பாதையில் கிடந்த தீற்றல் தீற்றலாக இல்லை. ஒரு பெண். முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள். முதுகில் பின்னல் இல்லை. வலது முழங்கை மடங்கியிருக்கிறது. வர்ஷினிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்தப் பழக்கம். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, நுனியைக் கையில் பிடித்தபடிதான் நடப்பாள். பின்னாலிருந்து பார்த்தால் முதுகு வெறிச்சென்று இருக்கும். ஒரு முழங்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

சுப்புலட்சுமி எழுந்து கிட்டப் போனாள். கிட்டத்தில் வெறும் சாயம். பின்னால் நகர்ந்து வந்தால் மறுபடி மகள்.

லிங்கசாமி சாப்பிட்டுவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தபோது மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, அந்தப் பாதையில ஆரோ ஒரு புள்ள போற மாதிரி இல்லீங்களா?"

அவருடைய நாற்காலி படத்துக்கு முதுகைக் காட்டிக் கிடந்தது. அவர் திரும்பவில்லை. "மரத்தத் தவிர ஒண்ணுமில்ல. அழுக்குப் புடிச்சிருக்கும், தொடைக்கச் சொல்லு."

துடைத்தது பாண்டியம்மாள். ராமநாதபுரத்துக்காரி, வீட்டு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன் வீரணன், ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் வேலைக்குச் சேர்ந்து, ஒரிசாப் பக்கம் போனவன். போன புதிதில் இரண்டு தடவை போன் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. லாரிக்காரரைக் கேட்டால், அங்கேயே வேறு வண்டிக்கு மாறிவிட்டான் என்றார். பாண்டியம்மாள் இன்னமும் நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவாள்.

ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறியவள், இறங்கி வந்து தள்ளி நின்று பார்த்தாள்.

"யாருக்கா இந்த ஆளு? அவரு பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்காரு?"

சுப்புலட்சுமி அவளருகில் வந்தாள். "வரலை பாண்டியம்மா. போறா. பொம்பளப் புள்ள. முதுகு தெரியலையா?"

"முதுகா? நல்லாப் பாருங்கக்கா, நெஞ்சுல்ல தெரியுது. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, நம்மளப் பாத்துத்தான் வாராரு."

"எனக்கு அப்புடித் தெரியலையே."

பாண்டியம்மாள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "அவுக நடையும் இப்பிடித்தான் இருக்கும்" என்றாள்.

அன்றையிலிருந்து இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. லிங்கசாமி கம்பெனிக்குப் போனதும் சுப்புலட்சுமி காப்பித் தம்ளரோடு வந்து உட்காருவாள். பாண்டியம்மாள் கூட்டுமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு நிற்பாள். முதலில் அது விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. ஒருத்திக்குப் போகிறவள், ஒருத்திக்கு வருகிறவர். ஒரே தீற்றல்தான். ஆனால் கொஞ்ச நாளில் விளையாட்டு கழன்றுபோனது. மகள் சிறுத்துக்கொண்டே போகிறாள் என்று சுப்புலட்சுமிக்குப் பட்டது. படம் வந்த புதிதில் பாதையின் நடுவில் இருந்தவள், இப்போது வளைவை நெருங்கியிருந்தாள். சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் நகத்தோடு சரியாகப் பொருந்திய உருவம், இப்போது நகத்துக்குள் தொலைந்தது.

பாண்டியம்மாளுக்கு நேர்மாறு. "கிட்ட வந்துட்டாகக்கா" என்று ஒரு நாள் காலையில் சொன்னாள். பூ வைத்திருந்தாள். "இன்னுங் கொஞ்சம் வந்தா மூஞ்சி தெரிஞ்சுரும்."

மழைக்காலம் பிறந்தது. வெளிச்சம் குறைந்த நாட்களில் படத்தின் மரங்களுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அறையே அந்தப் பாதையின் ஒரு முனைபோல் இருந்தது. அப்படி ஒரு மத்தியானம் முன்னறையிலிருந்து வாளி உருளும் சத்தம் கேட்டு சுப்புலட்சுமி ஓடிவந்தாள். தரையெல்லாம் தண்ணீர். பாண்டியம்மாள் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு?"

"மூஞ்சி தெரிஞ்சிருச்சுக்கா." படத்தைக் கை காட்டினாள். "அவுக இல்ல. வேற யாரோ. எனக்குத் தெரியாத ஆளு. இடது தோளு எறங்கிக் கெடக்கு. கையில ஏதோ மூட்டையத் தூக்கிக்கிட்டு... என்னையவே பாக்குறாரு."

சுப்புலட்சுமி பார்த்தாள். அவளுக்கு வளைவின் ஓரத்தில் ஒரு புள்ளிபோல மகளின் முதுகு. வேறு ஒன்றுமில்லை. ஆனால் பாண்டியம்மாளின் கையைப் பிடித்தபோது, அது தண்ணீரில் ஊறியதைவிடக் குளிர்ந்திருந்தது. அதற்குப் பிறகு பாண்டியம்மாள் முன்னறைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். கொல்லைப்புற வழியாக வந்து சமையலறையோடு திரும்பிவிடுவாள்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் வெளிக்கதவை யாரோ தட்டினார்கள். சுப்புலட்சுமிதான் போய்த் திறந்தாள். நடுவயது ஆள். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் ஒரு துணிப்பை. "என் பேரு குருசாமிங்க. போர் லாரியில வேலை பாத்தேன். பாண்டியம்மாள்னு ஒரு பொம்பள இங்க வேலைக்கு இருக்கிறதாச் சொன்னாக" என்றான். அவன் பேசும்போதுதான் அவள் கவனித்தாள். ஏதோ பழைய அடி. இடது தோள் ஒரு சாண் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே திரும்பிக் கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. பாண்டியம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். அந்த ஆளைப் பார்த்ததும், அவன் வாயைத் திறக்கும் முன்பே, சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

வீரணனுக்கு அங்கே மலைக்காய்ச்சல் வந்ததாம். காட்டுக்குள் ஆஸ்பத்திரி எதுவும் கிட்டத்தில் இல்லை. உடன் இருந்தவர்களே எரித்திருக்கிறார்கள். குருசாமியும் விபத்தில் தோள் உடைந்து அங்கேயே கிடந்து, இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறான். அவள் சொந்தக்காரர்களை விசாரித்துத் தேடி வந்திருக்கிறான். துணிப்பையில் வீரணனுடைய இரண்டு சட்டைகளும், வெள்ளி அரைஞாண்கயிறும் இருந்தன. அரைஞாணைப் பார்த்த பிறகுதான் பாண்டியம்மாளுக்கு அழுகை வந்தது. காரியம் செய்ய அன்றைக்கே ஊருக்குப் புறப்பட்டாள். போகும்போது சுப்புலட்சுமியின் கையைப் பிடித்து, "அத இனிமே பாக்காதீகக்கா" என்றாள்.

பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாண்டியம்மாளுக்கு வந்தவர் உண்மையிலேயே வந்துவிட்டார் என்றால், தனக்குப் போகிறவள் எங்கே போகிறாள்? இதையே நினைத்துக்கொண்டு சுப்புலட்சுமி, அடுப்பில் சோறு கொதிக்கும்போது ஒரு முறை, துணி மடிக்கும்போது ஒரு முறை என்று முன்னறைக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புள்ளி இருந்தது. இருந்தவரைக்கும் ஏதோ ஒரு தைரியம். வருஷப் பிறப்புக்கு, அம்மாவைப் பெற்ற அம்மாயி ஊரில் விருந்து என்று தம்பி வந்து அழைத்தான். இரண்டு நாள்தான் அங்கே தங்கினாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

பாதையில் யாரும் இல்லை.

நல்ல வெயில் நேரம். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. மரமெல்லாம் இலை இலையாகத் தெரிந்தது. வளைவு தெரிந்தது. ஈரத்தில் மஞ்சள் வெளிச்சம் மினுங்குவதுகூடத் தெரிந்தது. தள்ளி நின்றும், குனிந்தும், ஒரு கண்ணை மூடியும் பார்த்தாள். பாதை கழுவி விட்டதுபோல் காலியாகக் கிடந்தது.

சாப்பாட்டுக்கு லிங்கசாமி வந்தபோது அவள் இலை போடவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை மீறாதவள், அவர் கை கழுவுகிற இடத்துக்கே போய் நின்றாள்.

"ஏனுங்க. படத்துல அவளைக் காணமுங்க."

எவளை என்று அவர் கேட்கவில்லை. குழாய் திறந்தபடியே கிடந்தது. ஈரக்கையைத் துடைக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முந்தாநேத்தே காணோம் சுப்பு."

"உங்களுக்கும் தெரிஞ்சுதுங்களா?"

"மாட்டுன அன்னைக்கே தெரிஞ்சுது. சடைய முன்னால போட்டுட்டு, கைய மடக்கிட்டு... அதுனாலதான் நாற்காலியத் திருப்பிப் போட்டேன். அவ போறதப் பார்த்துட்டு என்னால சோறு திங்க முடியாது." குழாயை மூடினார். "வண்டிச் சாவிய எடு. போலாம்."

டிரைவரைக் கூப்பிடவில்லை, அவரே ஓட்டினார். எங்கே போகிறோம் என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. பல்லடம் தாண்டியது. குண்டடத்தில், அவர்களுடைய விவசாயக் காடு இருக்கிற பிரிவு ரோடு வந்தபோது, நிறுத்துவார் என்று நினைத்தாள். நிறுத்தவில்லை. தாராபுரமும் போயிற்று. ஒட்டன்சத்திரம் ஊருக்குள் நுழைந்து, மார்க்கெட்டைச் சுற்றி, அரிசி மில் பக்கத்துச் சந்தில் திரும்பி, ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். வழியில் ஒருத்தரிடமும் அவர் வழி கேட்கவில்லை.

"எத்தன தடவ வந்திருக்கீங்க?" என்றாள் சுப்புலட்சுமி.

"வந்திருக்கறேன். எறங்குனதில்ல."

கடைசி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "வர்ஷினியவா தேடுறீங்க? அந்தப் புள்ளைக்குக் காச்சலுங்க. ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்த மாதிரி இதுவும் அதுதான்னு இருந்துட்டோம். முந்தாநேத்துலருந்து அவளுக்கு ஆளே அடையாளம் தெரியல. அவரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காரு. நீங்க யாரு?"

"அவளப் பெத்தவங்க" என்றார் லிங்கசாமி.

ஆஸ்பத்திரியில் வராந்தாவின் கடைசிக் கட்டிலில் வர்ஷினி கிடந்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் பாதி திறந்திருந்தது. பார்வை எதன்மேலும் இல்லை. முனீஸ் தலைமாட்டில் நின்றிருந்தான். மூளைக்காய்ச்சல் போலத் தெரிகிறது, உடனே மதுரைக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வண்டி வேறு ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போயிருந்தது. வாடகைக் காருக்கு அலைந்துவிட்டு அப்போதுதான் அவன் வெறுங்கையோடு வந்திருக்கிறான்.

லிங்கசாமியைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. கட்டிலுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"கிட்ட வராதீங்க மொதலாளி. என்னைய என்ன வேணாலும் பண்ணிக்கோங்க. அவ இப்ப இருக்கிற நெலமையில..."

"கார் வெளிய நிக்குது" என்றார் லிங்கசாமி. "நீ காலப் புடி. நான் தலையப் புடிக்கறேன்."

முனீஸ் அவரையே பார்த்தான். அவர் ஏற்கனவே குனிந்து மகளின் தோளுக்கடியில் கையைக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

பின் சீட்டில் சுப்புலட்சுமியின் மடியில் தலை. முனீஸின் மடியில் கால். நெற்றி அடுப்புக் கல்லாகக் கொதித்தது. ஆனால் அவள் கையை நீட்டி மகளின் பாதத்தைத் தொட்டபோது, அது மழையில் நனைந்த மாதிரி சில்லிட்டிருந்தது. முந்தானையால் போர்த்தி, முனீஸைத் தேய்க்கச் சொன்னாள். வண்டி வேகம் பிடித்தபோது வர்ஷினியின் உதடு அசைந்தது.

"நடந்து நடந்து காலு வலிக்குதும்மா."

முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் ஒரு நொடி தடுமாறி, வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி ஏறியது.

"ஒரு வாரமா இதத்தான் சொல்றா" என்றான் முனீஸ், அழுகையை அடக்கிக்கொண்டு. "கட்டில விட்டு எந்திரிக்கவே இல்ல. நடக்குறேன், நடக்குறேன், தர ஈரமா இருக்குங்கிறா. யாரையும் காணோம்கிறா. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

சுப்புலட்சுமி மகளின் காதருகில் குனிந்து, "நின்னுக்க கண்ணு. நடக்காத. நாங்க வந்துட்டோம், அங்கியே நின்னுக்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். மதுரை எல்லை வரைக்கும் சொன்னாள்.

இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்று மதுரை டாக்டர் சொன்னார். கண் முழித்து அம்மாவை அடையாளம் கண்டுகொள்ளவே பல நாள் ஆயிற்று. எழுந்து உட்கார்ந்த அன்று வர்ஷினி கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு ஆரும்மா சொன்னாங்க?" என்பதுதான்.

சுப்புலட்சுமி கணவரைப் பார்த்தாள். ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த லிங்கசாமி, தலை நிமிராமல் சொன்னார்: "ஆரும் சொல்லலை அம்மணி. தோணுச்சு. வந்தோம்."

மகளை ஒட்டன்சத்திரத்தில் விட்டுவிட்டுத் திருப்பூர் திரும்பிய அன்று சாயங்காலம், இருவரும் சேர்ந்துதான் முன்னறைக்குள் போனார்கள். மகள் திரும்பி வந்துகொண்டிருப்பாள், முகம் தெரியும் என்று சுப்புலட்சுமி ஆசையோடு பார்த்தாள். அவளுக்கு வெறும் பாதைதான் தெரிந்தது. லிங்கசாமி மட்டும் நெடுநேரம் அசையாமல் நின்றார். நிற்க நிற்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே போவது தெரிந்தது.

"என்னங்க தெரியுது?"

அவர் போய் ஒரு துணிச் சுருளை எடுத்துவந்தார். படத்தைக் கழற்றி, முன்னும் பின்னும் இறுகச் சுற்றினார். மறுநாள் அது கம்பெனி குடோனில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டது. ஜெர்மன்காரர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று அவள் கேட்டதற்கு, "ஒடஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். அன்று என்ன பார்த்தார் என்பதை அவளும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

ஆனால் இரண்டு வாரம் கழித்து, தூக்கம் கலைந்த முகத்தோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், "ஒருக்கா எடுத்துப் பார்த்துட்டு வெச்சுரலாமா சுப்பு? அவ எப்புடி இருக்கறான்னு தெரிஞ்சுக்க" என்றார்.

"இனி எதுக்குங்க படம்? போன் பண்ணிக் கேட்டுக்கலாமுங்க" என்று ரிசீவரை எடுத்து நீட்டினாள் சுப்புலட்சுமி.

வாங்கிக்கொண்டார். நம்பரை அவரே அழுத்தினார். பார்த்து அழுத்தவில்லை, மனப்பாடமாக இருந்தது. மறுமுனையில் எடுத்தது முனீஸ். அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று லிங்கசாமிக்குத் தெரியவில்லை. அப்புறம், "நான்தான் பேசறேன்" என்றார். "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"